கோடை விடுமுறையும் தாய்மாரின் மனநலமும்

முழுப்பரீட்சை முடிந்து பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதும் நம் கிராமங்களில் புதிய ஆரவாரம் ஒன்று தோன்றுகிறது. மாந்தோப்பிலும் ஆலமரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் குழந்தைகளின் குரல் ஒலிக்கிறது. ஆண்டு முழுவதும் பாடம் படித்த சிறுவர் சிறுமியருக்கு ஓய்வு வேண்டும். பாடம் சொன்ன ஆசிரியர்களுக்கும் ஓய்வு வேண்டும். அறுவடைக்குப் பின் நிலத்தைக்கூடச் சிறிது காலம் ஆறப் போடுகிறோம். ஆனால், ஐந்தாறு வாரங்கள் நீடிக்கும் இவ்விடுமுறையில் அக்குழந்தைகளின் தாய்க்கு என்ன நேருகிறது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

விடுமுறை நாட்களில் பல தாய்மார்கள் காரணமின்றிச் சினங்கொள்வதையும், குழந்தைகளை அடித்துவிட்டுப் பின்னர் தாமே அழுவதையும், இரவில் உறக்கமின்றி வருந்துவதையும் நாம் கண்டிருக்கிறோம். இதனை அவர்களுடைய குணக்குறை என்றோ பொறுமையின்மை என்றோ கூறிவிடுவது எளிது. அது நேர்மையான முடிவு ஆகாது. பள்ளி நாட்களில் பலர் பகிர்ந்து சுமந்த பாரம் விடுமுறையில் ஒருத்தியின் தலைமேல் ஏறுகிறது என்பதே உண்மை. பாரம் ஏறியதனால் வந்த துன்பத்தைப் பாரத்தைப் பகிர்ந்துதான் தீர்க்க முடியும். அதற்குக் குடும்பத்தாரும் பஞ்சாயத்தும் செய்யத்தக்கவை யாவை என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பள்ளிக்கூடம் சுமந்த பாரம்

எழுத்தறிவிப்பதோடு பள்ளிக்கூடத்தின் பணி முடிந்துவிடுவதில்லை. நம் மாநிலத்தில் அது குழந்தைகளுக்கு அன்னமிடும் இடமாகவும் இருந்து வருகிறது. 1920-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி தன் பள்ளியொன்றில் மதிய உணவு அளிக்கத் தொடங்கியது. 1956-இல் காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவலாயிற்று. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ராமச்சந்திரன் ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. 2022 செப்டம்பர் 15-ஆம் நாள், தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கான காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கப்பட்டுப் பின்னர் மற்றப் பகுதிகளுக்கும் விரிவடைந்தது.

பள்ளி மூடியிருக்கும் நாட்களில் இவ்விரு வேளை உணவும் வீட்டு அடுப்பிற்குத் திரும்புகின்றன. தொடக்கப் பள்ளியில் பயிலும் இரண்டு குழந்தைகள் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு இரு வேளை, வாரத்திற்கு ஐந்து நாள், இரு குழந்தைகள் என்றால் வாரத்திற்கு 20 சாப்பாடு ஆகிறது. ஐந்து வாரத்தில் 100 சாப்பாடு. நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைப்பினும் பருப்பும் காய்கறியும் எண்ணெயும் எரிபொருளும் விலைக்கு வாங்க வேண்டியவை. சமைக்கும் நேரமும், பாத்திரம் துலக்கும் நேரமும், அதற்கு வேண்டிய தண்ணீரைச் சுமக்கும் உழைப்பும் இக்கணக்கில் சேரவில்லை.

உணவைப் போன்றே மற்றொன்றும் வீட்டிற்குத் திரும்புகிறது. பள்ளி நாட்களில் ஏறத்தாழ ஏழு மணி நேரம் குழந்தைகளைக் கண்காணிக்கும் பொறுப்பை ஆசிரியர்கள் ஏற்கிறார்கள். அந்த நேரத்தில்தான் தாய் களையெடுக்கப் போகிறாள், மாட்டிற்குப் புல் அறுக்கிறாள், துணி துவைக்கிறாள், சிறிது நேரம் தலை சாய்க்கிறாள். விடுமுறையில் இந்த ஏழு மணி நேரம் அவள் கையை விட்டுப் போகிறது. வேலையோ ஒன்றும் குறைவதில்லை.

ஏற்கெனவே அவளுடைய வேலை இலேசானதன்று. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டில் நாடெங்கும் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் ஒருத்தி அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள். அவ்வாறு ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். மேலும், பெண்களில் நூற்றுக்கு 81 பேர் அவ்வேலையைச் செய்ய, ஆண்களில் நூற்றுக்கு 26 பேரே செய்தனர். விடுமுறையில் கூடும் வேலை இந்த 299 நிமிடத்தின் மேல்தான் ஏறுகிறது.

கோடைக்கே உரிய இடர்கள்

இவற்றோடு கோடைக்கே உரிய இடர்களும் சேர்கின்றன. முதலாவது தண்ணீர். கிணறும் ஆழ்துளைக் கிணறும் வற்றும் காலம் இது. குழாயில் தண்ணீர் வரும் நேரம் குறைகிறது. நள்ளிரவிலோ விடியற்காலையிலோ வந்தாலும் எழுந்து பிடிக்க வேண்டியிருக்கிறது. குழந்தைகள் வீட்டில் இருப்பதால் தேவையோ மிகுகிறது.

இரண்டாவது வெப்பம். இரவிலும் தணியாத புழுக்கம் உறக்கத்தைக் கெடுக்கிறது. உறக்கம் கெட்டால் மறுநாள் சினம் மிகும். சிறு தொல்லையும் பெரிதாகத் தோன்றும். பல இரவுகள் தொடர்ந்து உறக்கம் கெடுமாயின் எத்தகைய திடமான மனமும் தளர்ந்து போகும்.

மூன்றாவது அச்சம். கிணற்றிலும் குளத்திலும் கல்வெட்டிய பள்ளத்திலும் குளிக்கச் சென்ற சிறுவர்கள் மூழ்கி இறந்த செய்தி ஒவ்வொரு கோடையிலும் நம் காதில் விழுகிறது. வயலில் குனிந்து வேலை செய்யும் தாயின் நெஞ்சில், ‘பிள்ளை எங்கே போனானோ’ என்னும் கவலை ஓயாது அடித்துக்கொண்டிருக்கிறது. இக்கவலை உடலுழைப்பைக் காட்டிலும் கொடியது.

நான்காவது விருந்தினர். விடுமுறைக்குத் தாய்வீடு சென்று சில நாள் தங்கி வருவது நம் மக்களின் நல்வழக்கம். பிறந்த வீட்டில் அவள் மகளாக இருக்கிறாள். அங்கே பாட்டியும் மாமனும் அத்தையும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் மாடு கறப்பதற்கும் மாமியாருக்குக் கஞ்சி வைப்பதற்கும் மாற்று ஆள் இல்லாத காரணத்தால் இன்று பலர் அவ்வாறு போக முடிவதில்லை. மாறாக, நாத்தனார் பிள்ளைகளும் கொழுந்தனார் பிள்ளைகளும் விடுமுறைக்கு வந்து சேர்கிறார்கள். வந்த குழந்தைகளை மகிழ்வோடு வரவேற்பது நம் பண்பாடு. எனினும், மூன்று பேருக்குச் சமைத்தவள் எட்டுப் பேருக்குச் சமைக்கும்போது அவளுடைய முகமலர்ச்சிக்கு மற்றவர்களின் கையுதவியும் வேண்டும்.

முன்னாள் தாய்மார்கள் வளர்க்கவில்லையா?

“எங்கள் தாய் எட்டுப் பிள்ளைகளை வளர்த்தாள், ஒரு நாளும் மனக்கஷ்டம் என்று சொன்னதில்லையே!” என்று சில பெரியோர்கள் கேட்கக்கூடும். இக்கேள்விக்கு விடை கூறுவது நம் கடமை.

அக்காலத்தில் கூட்டுக் குடும்பம் மிகுந்திருந்தது. ஒரு வீட்டில் பாட்டியும் ஓரகத்தியும் மணமாகாத நாத்தனாரும் இருந்தனர். ஒருத்தி அடுப்படியில் இருந்தால் மற்றொருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். இன்று பல வீடுகளில் கணவனும் மனைவியும் பிள்ளைகளுமே உள்ளனர். கணவன் வெளியூரில் வேலை பார்க்கும் வீடுகளும் பல. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது மெய்யே. அவர்களைத் தாங்கிய கைகளின் எண்ணிக்கை அதைவிடக் குறைந்துவிட்டது. மேலும், அன்றைய தாய்மார்கள் வாய்விட்டுச் சொல்லாததனாலேயே அவர்களுக்குத் துன்பம் இல்லை என்று கொள்ளலாகாது. சொன்னால் கேட்பார் இல்லை என்பதற்காகச் சொல்லாதிருந்தோர் பலர்.

அலுப்பும் நோயும்

வேலை மிகுதியால் வரும் அலுப்பு வேறு. மனச்சோர்வு என்னும் நோய் வேறு. ஒரு நாள் ஓய்வெடுத்தால் அலுப்பு நீங்கும். மனச்சோர்வு அவ்வாறு நீங்குவதில்லை. பின்வரும் குறிகளுள் சில, பெரும்பாலான நாட்களில் இரண்டு வாரத்திற்கு மேல் தொடர்ந்து காணப்படுமாயின், மருத்துவ உதவியை நாட வேண்டும்:

மனம் எப்போதும் வாட்டமுற்றிருத்தல். முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டமின்மை. உறக்கம் வாராமை அல்லது அளவுக்கு மிஞ்சிய உறக்கம். பசியின்மை அல்லது பசி மிகுதல். எவ்வேலையும் செய்ய இயலாத களைப்பு. ஒன்றில் கருத்தைச் செலுத்த முடியாமை. ‘நான் எதற்கும் பயனற்றவள்’ என்னும் எண்ணம். உயிர் வாழ்வதில் வெறுப்பு.

நம் கிராமத் தாய்மார்கள் ‘மனம் சரியில்லை’ என்று சொல்வது அரிது. தலைவலி, உடம்பெரிச்சல், நெஞ்சுப் படபடப்பு, கைகால் அசதி என்றே கூறுவர். இவற்றிற்கு இரத்தசோகை போன்ற உடல் நோயும் காரணமாக இருக்கலாம். மனச்சோர்வும் காரணமாக இருக்கலாம். இரண்டையும் வைத்தியர் சோதித்தறிய வேண்டும். மகப்பேறு கழிந்து ஓராண்டு நிறையாத தாய்மாரிடம் தனிக் கவனம் தேவை. அக்காலத்தில் மனச்சோர்வு வருவதற்கு வாய்ப்பு உண்டு. கைக்குழந்தையோடு மூத்த குழந்தைகளும் விடுமுறையில் வீட்டில் இருப்பின் அவளுடைய நிலை மேலும் கடினமாகிறது.

இந்நோய் சோம்பலும் அன்று, பேய் பிடித்ததும் அன்று, தெய்வக்குற்றமும் அன்று. காய்ச்சலைப் போல இதற்கும் சிகிச்சை உண்டு. ஆறுதலான ஆலோசனையாலும், வேண்டுமாயின் மருந்தாலும் குணமடைந்து பழையபடி வாழ்வோர் பலர்.

குடும்பத்தார் கடமை

உழவர் பெருமக்கள் இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். காவிரிப் பாசனப் பகுதியில் சம்பாவும் தாளடியும் தை, மாசியில் அறுவடையாகிவிடுகின்றன. அதன்பின் உளுந்தும் பயறும் எடுக்கப்படுகின்றன. குறுவைக்காக மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஆகவே, கோடைப் பயிர் இடுவோர் நீங்கலாக, சித்திரையும் வைகாசியும் பல உழவர்களுக்கு வேலை குறைந்த காலம். மானாவாரி நிலமுடையோர்க்கும் கோடை உழவு தவிர வேறு பணி அதிகம் இல்லை. தாய்க்கு வேலை மிகும் அதே மாதங்களில் தந்தைக்கு வேலை குறைகிறது. அவள் பாரத்தில் ஒரு பங்கை ஏற்பதற்கு இதைவிடத் தக்க பருவம் வேறில்லை.

அவர் செய்யத்தக்க வேலைகள் பல. காலையில் குழந்தைகளைக் குளிப்பாட்டி உணவூட்டலாம். தண்ணீர் பிடிக்கும் பொறுப்பைத் தாமே ஏற்கலாம். நீந்தத் தெரிந்த தந்தை, பாதுகாப்பான ஆழமற்ற நீர்நிலையில் பிள்ளைகளை உடனிருந்து நீந்தப் பழக்கலாம். ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் இது வேண்டும். வயலுக்கு அழைத்துச் சென்று விதையையும் பூச்சியையும் வாய்க்கால் மடையையும் காட்டினால், அதுவும் பாடமே. அவ்வேளையில் வீட்டிலுள்ள தாய்க்கு இரண்டு மணி நேரம் ஓய்வு கிடைக்கும்.

பகலுணவுக்குப் பின் ஒரு மணி நேரம் தாய் படுத்து ஓய்வெடுக்க விடுவது ஒவ்வொரு வீட்டிலும் ஒழுங்காக வேண்டும். அந்நேரத்தில் அவளை எழுப்பலாகாது என்பதைக் குழந்தைகளுக்குப் பழக்க வேண்டும். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தம் தட்டைத் தாமே கழுவலாம், பாய் சுருட்டலாம், கோழிக்குத் தீனி வைக்கலாம். இவ்வேலைகளை மகளிடம் மட்டும் ஏவிவிட்டு மகனை விளையாட அனுப்புவது நியாயமன்று. இன்று அவ்வாறு வளரும் மகனே நாளை மனைவியின் பாரத்தைக் காணாத கணவனாகிறான்.

தாய்வீடு செல்லும் வழக்கத்தையும் நாம் காப்பாற்ற வேண்டும். ஒரு வாரம் மாட்டையும் வீட்டையும் பார்த்துக்கொள்வது ஆண்மகனுக்கு இயலாத காரியமன்று. நாத்தனார் பிள்ளைகள் தங்க வந்தால், அவர்களுடைய தாயும் உடன்வந்து இரண்டு நாளேனும் சமையலில் கைகொடுத்துச் செல்வது உறவையும் வளர்க்கும்.

மாமியார்மாருக்கும் ஒரு வார்த்தை. “இந்தக் காலத்துப் பெண்களுக்குத் தாங்கும் சக்தி இல்லை” என்னும் சொல் மருமகளின் மனத்தில் முள்ளாகத் தைக்கும். “நீ சற்றுப் படுத்துக்கொள், அம்மா, பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்னும் சொல் மருந்தாகும். வேலையற்ற கோடை நாட்களில் மதுவிற்கு அடிமையாகும் ஆண்கள் தம் மனைவியின் மனத்துயருக்குத் தாமே காரணமாகிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

பஞ்சாயத்தின் பணி

வீட்டுக்குள் நடப்பதில் பஞ்சாயத்துக்கு என்ன வேலை என்று எண்ணலாகாது. பள்ளிக்கூடம் பொதுப்பணத்தில் நடப்பது. அது மூடியிருக்கும்போது எழும் தேவையும் பொதுத்தேவையே. ஆண்டுதோறும் மே முதல் நாள் கிராம சபை கூடுகிறது. விடுமுறையின் தொடக்கத்தையொட்டி வரும் அக்கூட்டத்தில் பின்வரும் யோசனைகளை வைத்துத் தீர்மானிக்கலாம்.

முதலாவது, நூலகம். 2006 முதல் 2011 வரை நடைபெற்ற அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் பஞ்சாயத்துகளில் நூலகங்களும் விளையாட்டிடங்களும் அமைக்கப்பட்டன. அவற்றுள் சில பூட்டியே கிடக்கின்றன. விடுமுறையில் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரையேனும் நூலகத்தைத் திறந்து, படித்த இளைஞர் இருவரைப் பொறுப்பாக்கினால், குழந்தைகள் நிழலில் இருப்பர். தாய்மார்கள் கவலையின்றி வேலை முடிப்பர். கட்டடம் பழுதாயிருப்பின், தலைமையாசிரியரின் இசைவு பெற்றுப் பள்ளித் தாழ்வாரத்தைப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, முறைவைத்துப் பார்த்தல். ஒரு தெருவில் ஐந்து தாய்மார்கள் சேர்ந்து, வாரத்தில் ஆளுக்கொரு நாள் முற்பகலில் எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்வது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொருவருக்கும் நான்கு முற்பகல்கள் கிடைக்கும். இதற்குச் செலவு ஏதும் இல்லை. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இதனை எளிதில் நடத்தலாம். கடனும் சேமிப்பும் பேசும் வாராந்தரக் கூட்டத்தில் இதையும் பேசினால் போதும். குழுவின் கூட்டத்தில் ஒருத்தி தன் மனச்சுமையைச் சொல்ல மற்றவர்கள் கேட்பதும் பெரிய ஆறுதலாகும்.

மூன்றாவது, வேலைத்தலத்தில் குழந்தைகள். 2005-ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ வேலைத்தலத்திற்கு வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ளப் பெண்ணொருத்தியைக் கூலியுடன் அமர்த்த வழி செய்தது. இக்கருத்து நம் வயல்களுக்கும் பொருந்தும். களையெடுக்கவும் பருத்தி எடுக்கவும் பத்துப் பெண்களை அழைக்கும் உழவர், அவர்களுள் வயது முதிர்ந்த ஒருவரைக் குழந்தைகளுக்குக் காவலாக மரநிழலில் அமர்த்தினால், மற்ற ஒன்பதின்மரும் மனம் ஊன்றி வேலை செய்வர்.

நான்காவது, கிணறுகள். ஊரிலுள்ள கைப்பிடிச் சுவரற்ற கிணறுகளையும் கைவிடப்பட்ட பள்ளங்களையும் விடுமுறைக்கு முன்பே கணக்கெடுத்து, வேலியோ மூடியோ இட ஏற்பாடு செய்ய வேண்டும். ஐந்தாவது, தண்ணீர். குழாயில் தண்ணீர் விடும் நேரத்தை நிலையாக வகுத்து முன்கூட்டியே அறிவித்தால், தாய்மார்கள் இரவெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை.

உதவி எங்கே கிடைக்கும்?

மேற்கூறிய குறிகள் தோன்றினால் முதலில் கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியரிடமோ கூறலாம். அவர்கள் வேண்டுமாயின் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவர். 1996-இல் நாட்டில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் இச்சிகிச்சையை மக்களுக்கு அருகில் கொண்டுவரும் நோக்கத்தோடு ஏற்பட்டது. அரசு நிதியில் நடக்கும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. ஆதலால் தயங்க வேண்டியதில்லை.

நேரில் செல்ல இயலாதவர்கள் 14416 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இச்சேவை கட்டணமின்றி இரவும் பகலும் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். வீட்டில் அடி உதைக்கு ஆளாகும் பெண்கள் 181 என்னும் எண்ணை அழைக்கலாம்.

உயிரை வெறுத்துப் பேசும் ஒருவரை ஒருபோதும் தனியே விடலாகாது; “சும்மா மிரட்டுகிறாள்” என்று ஒதுக்கவும் கூடாது. அருகில் இருந்து, அவர் சொல்வதைக் கேட்டு, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். உழவர் வீடுகளில் பூச்சிமருந்தை வீட்டினுள் வைப்பது குழந்தைகளுக்கும் ஆபத்து. மனம் நொந்தவர்களுக்கும் ஆபத்து. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் பூச்சிமருந்துகளைப் பொதுவிடத்தில் பூட்டிவைக்கும் முறை முன்பு சோதித்துப் பார்க்கப்பட்டது. மற்றக் கிராமங்களும் அதுபற்றி ஆலோசிக்கலாம். அது இயலாவிடினும், வேண்டிய அளவு மட்டும் வாங்கி, வீட்டிற்கு வெளியே பெட்டியில் பூட்டிவைப்பது ஒவ்வொரு உழவராலும் ஆகும்.

முடிவுரை

வாய்க்காலில் ஓரிடத்தில் அடைப்பு ஏற்பட்டால் கடைமடை வரை பயிர் வாடுகிறது. வீட்டில் தாயின் மனம் வாடினால் குழந்தையின் படிப்பும், கணவனின் உழவும், முதியோரின் நலமும் வாடுகின்றன. அதற்காக மட்டும் அவளைப் பேண வேண்டும் என்று நாம் கூறவில்லை. அவளும் ஓய்வுக்கும் மகிழ்ச்சிக்கும் உரிமையுடைய ஒரு மனிதப் பிறவி என்பதே போதிய காரணமாகும்.

இதற்குப் பெரும் பொருட்செலவோ புதிய கட்டடமோ தேவையில்லை. நூலகத்தின் பூட்டைத் திறக்க வேண்டும். கிணற்றிற்கு வேலியிட வேண்டும். தண்ணீர்க் குடத்தை ஆணும் தூக்க வேண்டும். ஒரு மணி நேரம் அவளை உறங்க விட வேண்டும். வரும் மே முதல் நாள் கிராம சபையில் சாலை, விளக்கு, குடிநீர் ஆகியவற்றோடு இவ்விஷயத்தையும் ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு பஞ்சாயத்து உறுப்பினர்களை வேண்டுகிறோம். அக்கூட்டத்திற்குத் தாய்மார்களையே வரவழைத்து, அவர்களுக்கு எது தேவை என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்போமாக.